நீர்வாயிலின் பழுதைச் சொன்ன குன்றனை விடுவிக்கும் ஆணை

வாழ்க! மூன்று ஆறுகள் கடலைத் தொடும் கருவேங்கை நாடும், அதன் குடைநிழலில் அச்சமின்றி உறங்கவேண்டிய குடிகளும் வாழ்க! வேங்கைமுடி சூடி நான்கு துறைகளையும் ஆளும் திருவாழி நங்கையாகிய நாம், முத்தலைத்துறைக் கோட்டையின் காவல் தலைவனும், இருமுறை கடற்போர் வென்றவனும், நம் தாய் வயிற்றில் நமக்குப் பின் பிறந்தவனுமாகிய தம்பி ஆதனழிசிக்கு விடுக்கும் ஓலை. நாம் நலம். உன் நலம் கேட்பது முறை; இம்முறை கேட்க மனம் வரவில்லை.

சிறையிலிருக்கும் குன்றனை வரும் முழுமதி நாளில் யானைக்காலில் இடப்போவதாக நீ எழுதிய ஓலை நேற்று நம் கைக்கு வந்தது. கொள்ளையர் நீர்வாயில் வழியாக நுழையக்கூடும் என்று அவன் முன்பே சொன்னானாம், அவ்வழியாகவே நுழைந்தார்களாம், ஆகையால் அவன் அவர்களோடு கூடியவனாம். அடடா, என்ன அறிவு! கூரை ஒழுகும் என்று சொன்னவனைப் பிடித்து, மழையை ஏவியவன் நீதான் என்று கட்டிவைப்பாய் போலிருக்கிறது.

குன்றன் யார் என்பதை நீ மறந்தாலும் நாம் மறக்கவில்லை. மலைநாட்டுக் கணவாய்களில் வணிகர் சாவடிகளுக்குத் தாழும் பூட்டும் அமைத்தவன். களவு எவ்வழி நுழையும் என்பதைக் களவு நுழையுமுன் காண்பதே தொழிலாகக் கொண்டவன். உன் ஊரில் அவனுக்கு உறவுமில்லை, பகையுமில்லை, அவன் விரும்பும் பதவியுமில்லை. வித்துநெல் இருக்கும் பண்டகசாலையை வெளியார் ஒருவர் கண்கொண்டு பார்க்கவேண்டும் என்று நெல்வணிகர் நம் அவையில் வந்து மன்றாடியபோது, அந்த ஒரு காரணத்துக்காகவே அவனைத் தேர்ந்து அனுப்பினோம்.

அதற்கு முன் ஆறாண்டுகள் உன் கோட்டையைச் சோதித்தவர் யார்? உன் மைத்துனர் கீரனார். சோதனைக்கு நாள் குறித்து முரசறைவது உன் ஊர் வழக்கம். கோட்டைக்குள் அவர் நடக்கவேண்டிய வழிக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்து, குடைபிடித்து, காவலரே முன்நடந்து காட்டுவர். வெள்ளை அடிக்காத இடத்தில் விருந்தினர் கால்வைப்பது வீட்டாரை அவமதிப்பதாம்! நடை முடிந்ததும் உன் மாளிகையில் விருந்துண்டு, ஏப்பம் விட்டு, யாதொரு குறையும் கண்டிலேன் என்று எழுதித் தருவார் அந்த மகானுபாவர். நல்ல சோதனை! நல்ல பூசி மெழுகல்!

குன்றன் முரசுக்குக் காத்திராமல் வந்தான். உன் விருந்தை வேண்டாமென்று, தான் கொண்டுவந்த அவலை நனைத்துத் தின்றான். வெள்ளை அடித்த வழியை விட்டு, யானைக்கொட்டிலுக்குப் பின்னே சேற்றில் இறங்கினான். நீர்வாயிலின் இரும்புக் கம்பிகளை உப்பு அரித்திருந்ததையும், அதன்மேல் மரக்கலங்களுக்குப் பூசும் கருங்கீலைப் பூசி மறைத்திருந்ததையும் கண்டான். பண்டகசாலைக் கதவுக்கு வெளியே மட்டும் தாழ் இருப்பதையும் கண்டு, உள்ளே தீப்பற்றினால் காவலர் எவ்வழி வெளியேறுவர் என்று உன் முகத்துக்கு நேரே கேட்டான். விருந்தினன் வீட்டாரைப் பழித்தான் என்று சொல்லி அன்றே அவனைச் சிறையில் இட்டாய்.

இனி நம் பிழையையும் எழுதுவோம். குன்றன் சிறையிலிருந்தே தான் கண்டதையெல்லாம் ஓலையாக நமக்கு அனுப்பினான். அதை வாங்கிய நாம் என்ன செய்தோம்? இது மெய்தானா என்று கேட்டு, அதே ஓலையை உனக்கே திருப்பி அனுப்பினோம்! கோட்டையின் குறையைக் கோட்டைத் தலைவனிடமே கேட்ட பேதைமை நம்முடையது. இவன் வாய்த்துடுக்கன், ஊரைக் கலைக்க வந்தவன், நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா என்று நீ மறுமொழி எழுதினாய். அக்கா என்ற அந்தச் சொல்லில் நாம் உருகிப்போனோம். உருகினோமே, பாவி!

கடலாட்டு விழாவன்று நண்பகலில் அரித்த கம்பிகளைக் கையால் வளைத்து உள்ளே வந்தார்கள். முற்றத்தில் கிடந்த நெல்லை அள்ளிக்கொண்டு, பூட்டியிருந்த பண்டகசாலைக்குத் தீ வைத்துப் போனார்கள். உள்ளே பதினொரு காவலர் இருந்தனர்; ஒருவரும் பிழைக்கவில்லை. வெளித்தாழின் திறவுகோலை இடுப்பில் செருகியிருந்தவன், உனக்குக் குடைபிடித்துக் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தான். கதவின் உட்புறம் முழுவதும் நகக்கீறல் என்று வணிகர் எழுதியிருக்கிறார்கள். காவலன் பூதனின் தாய் நம் வாயிலுக்கே வந்து, என் மகன் என்ன திருடனா, உள்ளே வைத்துப் பூட்டுவதற்கு என்று கேட்டாள்.  

ஆகவே ஆணையிடுகிறோம். இவ்வோலை கொண்டுவரும் தூதன் உன் ஊரானல்லன். கோட்டை வாயிலில் ஊரார் முன் இதை உரக்க வாசித்த பின்னரே உன் கையில் தருவான். தந்த அக்கணமே குன்றனின் விலங்கை அறுக்க. அவன் மேனியில் புதிதாக ஒரு கீறல் இருந்தாலும் அது நம் மேனியில் இட்டதாகும். பண்டகசாலைகளின் திறவுகோல்கள் அனைத்தும் இன்றே நெல்வணிகரிடம் சேர்க. இனி நம் நாட்டில் கோட்டையாயினும் கடையாயினும், அதைக் காப்பவனின் உறவினனோ அவன் சோறு உண்பவனோ சோதித்தல் ஆகாது. நாள் சொல்லிச் சோதித்தலும் ஆகாது. குறை சொன்னவனின் ஓலை குறையுடையவனிடம் திரும்பிப் போதலும் ஆகாது. இது முதலில் நமக்கு நாமே இட்ட ஆணை.

உன்னை விசாரிக்கவேண்டும். அதை நாம் செய்யமாட்டோம். உன் அக்கா உன்னை விசாரித்தால் அதுவும் கீரனார் நடந்த நடைதான். அக்கரை நாட்டிலிருந்து, நம் இருவர் முகமும் அறியாத நடுவர் மூவரை வரவழைத்திருக்கிறோம். உன் வழக்கை முதலில் கேட்பர். பின்னர், ஓலையைத் திருப்பி அனுப்பிய அரசியின் வழக்கைக் கேட்பர். பூதனின் தாய் அவர்கள் முன் நம் இருவரையும் நோக்கிப் பேசுவாள். அவள் பேசி முடிக்கும்வரை நீயும் நாமும் நிற்போம்.

வேங்கை முத்திரை நம் மோதிரத்தால், நம் கையாலேயே இடப்பட்டது. தீர்ப்புக்கு முன் இம்மோதிரம் இடும் கடைசி முத்திரை இதுவே. அதுவரை மோதிரம் நடுவர் கையில் இருக்கும். திருவாழி நங்கை எழுத்து.