சனிக்கிழமைத் தையல் வகுப்பு

வல்பரைசோ, செவ்வாய்க்கிழமை

கோபக்காரத் தங்கைக்கு,

நீ பதில் போடமாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பொதுப் பட்டறையில் அச்சு மூலைக்கு ஒருவழியாக இடம் கொடுத்துவிட்டார்கள். எங்கே தெரியுமா? மரம் அறுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்!

நேற்று அச்சிட்ட நாற்பது தாள்களிலும் மை காய்வதற்குள் மரத்தூள் ஒட்டிக்கொண்டது. பொறுப்பாளர் பல்தசாரிடம் போய்க் கத்தினேன்.

"தூசிதானேம்மா? ஊதிவிட்டாப் போச்சு."

"அப்ப நீங்களே வந்து ஊதுங்க, நாற்பதையும்!"

வந்து ஊதினார். போகாததைக் கையால் தட்டினார். சட்டை, மூக்கு எல்லாம் கறுப்பு. பிறகு இயந்திரத்தைக் கொல்லைப்புறத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

அச்செழுத்து கோக்க எனக்கு வரும். புத்தகம் தைக்க வராது. நான் தைத்த நோட்டு பிரித்ததுமே தாள் தாளாகக் கையோடு வந்துவிட்டது.

"இதை யாரும்மா சொல்லித்தரப் போறது?" என்று பல்தசார் சிரித்தார். எரிச்சலில் அறிவிப்புப் பலகையில், புத்தகத் தையல் சொல்லித்தருபவர் என்று, அதில் கைதேர்ந்த உன் பெயரை எழுதிவிட்டேன். பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு வகுப்பு.

அம்மாவின் வீட்டை விற்றதைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். வந்து திட்டு. ஆனால் வகுப்பு முடிந்த பிறகு திட்டு.

மறுபடியும் உன்னைக் கேட்காமல் செய்துவிட்ட,
அக்கா