கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்

திருத்தணி,
தை மாதம்

அன்பு மகள் காஞ்சனாவுக்கு அம்மா புஷ்பலதா எழுதுவது. நானும் உங்க நைனாவும் ஹேமாவும் ஏதோ மூச்சோடு இருக்கிறோம். நீயும் பேரன் பாலுவும் உன் வயிற்றில் இருக்கிற உயிரும் நன்றாக இருக்க வேண்டும், மலைமேல் இருக்கிறவன் அதையாவது பார்த்துக்கொள்ளட்டும். போனில் பேசலாம் என்றால் உன் வீட்டுக்காரன் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறான். என் கூடப்பிறந்த தம்பிதானே, நான் தூக்கி வளர்த்தவன்தானே, அவன் குணம் எனக்குத் தெரியாதா. அதனால்தான் எழுதி, மகளைப் பார்க்க சூரத் வருகிற எதிர்வீட்டு எல்லம்மாள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவன் மில்லுக்குப் போன பிறகு படி.

உன் தங்கச்சி உன்னைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாள் என்று அங்கே சொல்லியிருப்பான். நடந்தது இதுதான். ஹேமாவும் அவள் கூடப் படிக்கிற கமலா, கனிமொழியும் விவாதப் போட்டியில் தாலுகாவில் ஜெயித்து, ஜில்லாவில் ஜெயித்து, மெட்ராஸில் கடைசிப் போட்டி வரைக்கும் போனார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் அதுவரை எதற்கும் மெட்ராஸ் போனதில்லை. பஸ் ஸ்டாண்டில் மூன்று முகத்தையும் போட்டு பேனர் கட்டினார்கள், உங்க நைனா காய் வாங்குகிற சாக்கில் தினம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கடைசிப் போட்டிக்குத் தலைப்பு, சொந்தத்தில் கல்யாணம் செய்யலாமா கூடாதா. சீட்டுக் குலுக்கியதில் இவர்களுக்குக் கூடாது என்கிற பக்கம் விழுந்தது, இவளாகக் கேட்டு வாங்கவில்லை. எதிர்க்கட்சிப் பையன் ஒருத்தன், புத்தகத்துல இருக்கறதயே சொல்லிகினு இருக்கீங்களே, யாரையாவது கண்ணால பாத்திருக்கீங்களா என்று கேட்டானாம். இவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்க அக்காவ எங்க அம்மாவோட தம்பிக்குத்தான் குடுத்தாங்க, மலைக்கோயில்ல அக்கா புள்ளைக்குக் காது குத்தறப்ப தலைமாட்டுல மேளம் அடிச்சாங்க, புள்ள திரும்பியே பாக்கல என்று சொல்லிவிட்டாள். மண்டபமே எழுந்து கை தட்டியதாம். கோப்பையும் கொடுத்துவிட்டார்கள்.

அந்த வீடியோ பள்ளிப்பட்டு சொந்தக்காரர்கள் போனில் எல்லாம் ஏறிவிட்டது. பாலுவுக்குப் பேச்சு கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான் என்று உன்னைக் கட்டின மாமன் மூன்று வருஷமாக மூடி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. அவன் போன் போட்டு, அவ வாயாலயே பொய்னு சொல்லி வீடியோ போடட்டும், அப்பத்தான் காஞ்சனாவ பிரசவத்துக்கு அனுப்புவேன், இல்லன்னா தாய்வீட்டு வாசலையே மறந்துடச் சொல்லு என்றான். அப்படியே செய்யலாம் என்று நான் சொன்னதற்கு உங்க நைனா, உண்மைய சொன்ன புள்ளய பொய் சொல்லச் சொல்லுவியா, நீயெல்லாம் ஒரு அம்மாவா என்று தட்டைத் தூக்கி எறிந்தார். நான் என்னடி செய்ய, எனக்கு இரண்டும் பெண்ணாச்சே. ஹேமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் ஒன்றுதான் கேட்டாள், சொன்னா அக்காவ அனுப்பிடுவாரா என்று. ஆங் என்றேன். எழுந்து போய் யூனிபார்ம் போட்டுக்கொண்டு வந்து போன் முன்னால் நின்று, ஜெயிக்கணும்னு நான் கட்டிச் சொன்ன கதை அது, எங்க பாலு நல்லா இருக்கான் என்று சொன்னாள். ஒரு சொல் தடுக்கவில்லை. பார்த்தவர்கள் அத்தனை பேரும் நம்பிவிட்டார்கள். பெற்றவள் நானே ஒரு நிமிஷம் நம்பினேன், பாவி.

போட்டி நடத்தினவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. பொய் சாட்சி சொன்ன அணிக்குக் கோப்பை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள், தமிழ் டீச்சர் ரயிலேறிப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். பேனரைக் கிழித்துவிட்டார்கள். கமலாவின் அம்மா, எம்பொண்ணும்தானே ராப்பகலா படிச்சா, அவ தலையிலயும் மண்ணப் போட்டுட்டீங்களே என்று நம் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். ஹேமா பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள். மேடை ஏறச் சொன்னால் தலையாட்டி மாட்டேன் என்கிறாள். வீட்டில் நாங்கள் கூப்பிட்டாலும் பதில் இல்லை. சோறு மட்டும் போட்டதைத் தின்கிறாள்.

உன் மாமன் டிக்கெட் போட்டுவிட்டானாம், நேற்றுச் சொன்னான், குரலில் அத்தனை சந்தோஷம். அரக்கோணத்தில் இறங்கு, நைனா வந்து நிற்பார். கனமான பையைத் தூக்காதே. அவளைத் திட்டுவதானால் என்னைத் திட்டு. வந்ததும் அவளிடம் நீயே முதலில் பேசு, அவளாக வரமாட்டாள்.

முருகன் துணையில் நல்லபடி பெற்றுப் பிழைத்து எழுந்திரு. பாலுவுக்கு ஆயிரம் முத்தம். ஒன்றை மறக்காதே. பிறந்த ஒன்றிரண்டு நாளிலேயே பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்கலாமாம், குறை இருந்தால் அப்போதே பார்த்தால் பேச வைத்துவிடலாமாம். பெரிய ஆஸ்பத்திரியில் ஹேமா போய் விசாரித்து வந்து, எனக்கு ஒரு சீட்டில் எழுதிக் காட்டினாள். செய்துவிடுவோம். உன் வீட்டுக்காரனுக்குத் தெரியவேண்டாம். கேட்டால் பொய் சொல்லிக்கொள்ளலாம்.

இப்படிக்கு
உன் அம்மா
புஷ்பலதா