சரி மட்டும் மிச்சம்

மார்ச் 4, செவ்வாய்

விடைத்தாள்கள் பாதிகூட முடியவில்லை. அமிலத்தையும் காரத்தையும் இடம் மாற்றி எழுதியே ஒரு வகுப்பு முழுக்க என் உயிரை வாங்குகிறது.

காலையில் பல் தேய்க்கப் போன என் வீட்டுக்காரர் இடது கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். "டீச்சரம்மா, ஒத்தக் கண்ணுல கரன்ட் போயிடுச்சு. ஷட்டர் எறங்கின மாதிரி இருட்டு." நான் எழுந்திருப்பதற்குள், "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று சிரித்தார். டாக்டரிடம் போகலாம் என்றேன். கண்ணாடி பழசாகிவிட்டது, அவ்வளவுதானாம். லிஃப்ட் மெக்கானிக்குக்கு எல்லாமே ஃப்யூஸ்தான்.

இவரிடம் ஒரு 'சரி' வாங்குவதற்குள் கல்லிலே நார் உரித்துவிடலாம். டீ சரியில்ல, நான் மடித்த சட்டை சரியில்ல, தாழ்ப்பாள் சரியில்ல. கல்யாணமானதிலிருந்து இந்த ஒரு சொல்லைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். சாப்பிடும்போது அதுகூடக் கிடையாது. தட்டின் விளிம்பில் விரலால் ஒரு தட்டு – போதும். இரண்டு தட்டு – இன்னும் போடு. லிஃப்ட் குழிக்குள் பேச்சு கேட்காது, இரும்பில் தட்டித்தான் மேலே இருப்பவருக்குச் சொல்வார்களாம்: ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ.

"நான் என்ன லிஃப்டா?" என்று இன்றும் கேட்டேன்.

இரண்டு தட்டினார்.

மார்ச் 6

புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்து வந்துவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

மார்ச் 8, சனி

எழுத வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் நின்றார். வலது கை தொங்கியது. "என்னங்க, கெளம்பலையா?" என்றேன். "சரி" என்றார். இவர் வாயிலிருந்து சரியா! கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். சிரித்தேனே... "சரி, சரி" என்றார் மறுபடி. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண்ணில் பயம்.

மாடியில் குடியிருக்கும் கொழுந்தனார் ஆஸ்பிரினோடு ஓடிவந்தார். "வாயில போடுங்க அண்ணி, ரத்தம் எளகும்." முதலில் தண்ணீர் கொடுத்தேன். கடைவாயில் வழிந்தது, உள்ளே இறங்கவில்லை. அதனால்தான் மாத்திரையைப் போடவில்லை. என் புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை.

"நல்லவேளை குடுக்கல" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா. "மூளைக்குப் போற குழாய் அடைச்சுக்கறது ஒரு வகை, வெடிச்சுக் கசியறது இன்னொரு வகை. வெளியில பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். கசிவுன்னா உங்க மாத்திரை எரியற வீட்டுல எண்ணெய் ஊத்தின கதை. ஸ்கேன் பாத்துட்டுத்தான் கை வைக்கணும்."

என் மாமனாருக்கு வந்தது கசிவு. தலை வெடிக்கிறது என்றார், வாந்தி எடுத்தார், மறுநாள் இல்லை. இவருக்கு அடைப்பு. சீக்கிரம் கொண்டுவந்ததால் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். சாயங்காலம் வலது கை விரல்கள் லேசாக மடங்கின. பேச்சு மட்டும் –

சரி. சரி. சரி.

மார்ச் 10

தண்ணீர் வேண்டுமா? சரி. வலிக்கிறதா? சரி. நான் யார்? சரி.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொன்னாள்: "நீங்க சொல்றது பெரும்பாலும் அவருக்குப் புரியுது. சொல்ல நெனைக்கிறது வேற, வாயில வர்றது வேற. அந்தச் 'சரி'யை நம்பாதீங்க."

வரமாகக் கேட்ட சொல். இப்படியா கிடைக்க வேண்டும்.

மார்ச் 12

இடது பக்கக் கழுத்துக் குழாய் கொழுப்புப் படிந்து நூலாய்ச் சுருங்கியிருக்கிறதாம். சிகரெட், ரத்த அழுத்தம், இரண்டும் சேர்ந்து பார்த்த வேலை. "கண்ணுல ஷட்டர் எறங்கிச்சே, அது கண்ணு கோளாறு இல்ல. இங்கேர்ந்து கெளம்பின துணுக்கு. மொத மணி அதுதான்." கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்தோம் நாங்கள்.

குழாயைத் திறந்து சுத்தம் செய்தால் அடுத்த அடியைப் பெரும்பாலும் தடுக்கலாம். இந்த வாரமே செய்தால் நல்லது. ஆனால் அறுவையின்போதே இன்னொரு பக்கவாதம் வரவும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு.

"செஞ்சுக்கறீங்களா?" என்று டாக்டரம்மா இவரையே கேட்டார்.

"சரி."

"அண்ணனே சரின்னுட்டாரு. கையெழுத்தைப் போடுங்க அண்ணி" என்றார் கொழுந்தனார். போட்டேன். இவர் இடது கை மோதிரத்தால் கட்டில் கம்பியில் டங்கென்று தட்டினார். என்னையே வெறித்துப் பார்த்துவிட்டு, மறுபடி ஒரே ஒரு டங். பக்கத்துக் கட்டில்காரர் முறைத்தார். கையைப் பிடித்து அமுக்கி வைத்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 13

கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கிண்ணத்தின் விளிம்பில் ஒரு தட்டு.

போதும்.

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. நேற்றுக் கம்பியில் – ஐயோ, நான் அந்தக் கையையா அமுக்கினேன்?

"நீங்க லிஃப்ட் மெக்கானிக்கா?" இரண்டு. "நீங்க டீச்சரா?" ஒன்று. கேள்வியை மாற்றி மாற்றிப் போட்டேன், பிசகவில்லை. "உங்க தம்பி அழகா?" யோசிக்காமல் ஒன்று. "இந்த நெலமையிலயும் குசும்பு பாரு" என்றார் கொழுந்தனார், கண்ணைத் துடைத்தபடி.

பிறகு கேட்டேன். "ஆபரேஷன் பண்ணிக்கலாமா?"

ஒன்று.

வேண்டாமாம். கொழுந்தனார் என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனார். "மூளை கலங்கின மனுஷன் தட்டறதை வெச்சா முடிவு பண்ணுவீங்க?" அப்படியென்றால் நேற்று அவர் சொன்ன 'சரி'யை வைத்து மட்டும் முடிவு பண்ணலாமா? கேட்டேன். ஆனால் வேண்டாமென்று விட்டு, அடுத்தது வந்தால்? என்ன செய்வேன் நான்?

கையெழுத்தைத் திரும்பப் பெற்றேன்.

மார்ச் 14

ராத்திரி முழுக்க யோசித்தேன். இவர் எந்த லிஃப்டையாவது கண்ணால் பார்க்காமல் 'போ' என்றிருக்கிறாரா? இவர் தலைக்கு மேலேயே நாங்கள் பேசி முடித்தோம். யாராவது எதையாவது காட்டினோமா?

டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஸ்கேன் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். சுருங்கிய இடம், எங்கே திறப்பார்கள், எப்படித் தைப்பார்கள், என்ன தப்பாகப் போகலாம் – ஒன்றையும் மறைக்கவில்லை. இவர் நூலாய்ப் போன இடத்தில் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் எதுவும் சொல்ல மாட்டேங்க" என்றேன். சொல்லத் துடித்தது.

கம்பியில் ஒரு தட்டு. உயிரே போய்விட்டது. அப்புறம்தான் இன்னொன்று விழுந்தது. பாவி மனுஷன்.

மார்ச் 17

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கதவு மூடும்வரை கம்பியில் விரல் இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

வலது கை இன்னும் டம்ளரைப் பிடிக்காது. கழுத்துத் தழும்பு அரிக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க தினம் மாத்திரை, சிகரெட் வாடையே ஆகாது. பயிற்சிப் பெண் 'அம்மா' சொல்லச் சொன்னாள், 'வீடு' சொல்லச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் சரிதான்.

இன்று டீயை ஒரு வாய் குடித்தவர் முகத்தைச் சுளித்தார். உதடு ஏதோ தேடியது. தட்டப்போகிறார் என்று டம்ளரை நீட்டினேன். தட்டவில்லை.

"சரி..."

"என்னங்க?"

"சரி... யில்ல."

சர்க்கரை போட மறந்திருக்கிறேன். டப்பா கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. இன்னொரு வாய் கொடுத்தேன்.