நான் எடுத்துக் கொடுத்த இருநூறு பதில்கள்

அடியே வாயாடி,

போனை நீ எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றாலும் படித்துவிட்டுக் கிழி.

உன் நாற்காலி அங்கேயேதான் இருக்கிறது. மேனேஜர் அதில் குடையை மாட்டிவைக்கிறார். நம் இன்சூரன்ஸ் ஆபீசுக்கு வரும் புகார்களுக்கெல்லாம் இப்போது கம்ப்யூட்டரே பதில் எழுதுகிறது. நான் படித்துப் பார்த்து அனுப்பினால் போதும்.

அதற்குக் கற்றுக்கொடுக்க, பழைய பதில்களில் நல்லதாக இருநூறு எடுத்துத் தரும்படி அவர் கேட்டது என்னைத்தான். இருநூறும் உன்னுடையதாகவே எடுத்தேன். ஆட்குறைப்பு வரப்போகிறது, உன் அருமை தெரியட்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. அவர் படித்துவிட்டு, "பிரமாதம்! இது இப்படி எழுதக் கத்துக்கிச்சுன்னா அப்புறம் அவங்க எதுக்கு?" என்றார். அடுத்த வாரமே உன்னை அனுப்பிவிட்டார்கள்.

நேற்று, கணவரை இழந்த ஓர் அம்மாவுக்கு அது எழுதிய பதிலைப் பார்த்தேன். கடைசி வரி, 'அலைச்சலில் சாப்பிட மறந்துவிடாதீர்கள்.' எல்லாருக்கும் நீ எழுதுவாயே, "ஆபீஸ் லெட்டர்ல எதுக்குடி இது?" என்று நான் கிண்டல் செய்வேனே, அதே வரி. பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

தேவையில்லாத வரியாம். இன்று மேனேஜர் எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன். அதையும் நான்தான் செய்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. திட்டுவதற்காவது ஒருமுறை போனை எடு. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிடாதே.

உன் பக்கத்து நாற்காலியில்
இன்னும் உட்கார்ந்திருக்கிறவள்