எடுத்த இடத்திலேயே விட்டாயா?

சோரா, மேகாலயா
19 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மனோஜ் எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் 'காது தவிர எல்லாம் நலம்' என்பாய், அதனால் கேட்கவில்லை. உனக்குப் போனில் பேசினால் கேட்காது, எனக்கு இந்த மலையில் சிக்னல் கிடைக்காது. நம் இரண்டு பேருக்கும் தபால்காரர்தான் கதி.

போன வாரம் ஒரு புதுக் குகைக்குள் போனோம். தவழ்ந்துதான் போக முடிந்தது. உள்ளே சுவரெல்லாம் வெள்ளை வெளேரென்று வெண்ணெய் மாதிரி அப்பிக் கிடக்கிறது. விரலால் தொட்டால் அழுந்துகிறது. இதை நிலாப்பால் என்கிறார்கள். சுண்ணாம்புதான், ஆனால் இறுகாத சுண்ணாம்பு. இது உண்டாவதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கும் பங்கு இருக்கிறது, அக்கா! அவை பாட்டுக்கு மூச்சுவிட்டுப் பிழைக்கின்றன. அந்தப் பிழைப்பிலேயே சுற்றியுள்ள தண்ணீரின் குணம் மாறி, அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு படிகிறது. அவற்றின் உடம்பின் மேலேயே படிகிறது. எந்த உயிர் எவ்வளவு செய்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. கொஞ்சம் சுரண்டி எடுத்து வந்து லேபில் வளர்த்துப் பார்க்கிறோம். வேலை முடிந்ததும் பெரிய குக்கர் போன்ற ஒன்றில் வைத்து எல்லாவற்றையும் அவித்துவிடுவோம்.

சமண வீட்டுப் பிள்ளையாக இருட்டுவதற்கு முன் சாப்பிட்டுவிடுகிறேன். குகைக்குள் இருக்கும்போது மட்டும் எப்போது இருட்டியது என்று தெரிவதில்லை, கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி
மனோஜ்


திருப்பருத்திக்குன்றம்
2 பிப்ரவரி 2024

மனோஜுக்கு அக்காவின் ஆசி.

கடிதம் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெண்ணெய், நிலாப்பால் என்று படிக்கையில் வாயெல்லாம் பல்லாக இருந்தேன். 'அவித்துவிடுவோம்' என்ற இடத்துக்கு வந்ததும் சோறு இறங்கவில்லை.

அடப்பாவி, இதற்கா உன்னைப் படிக்க வைத்தேன்? அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நான் என்ன செய்தேன் என்று ஞாபகம் இருக்கிறதா? தண்ணீரை வடிகட்டினால், துணியில் நின்ற உயிர்களை அலசி அதே கிணற்றில் விட்டுவிட்டுத்தான் குடத்தைத் தூக்குவேன். "பக்கத்துக் கிணத்துல வுட்டா இன்னாக்கா?" என்று கேட்பாய். "அதுங்க ஊடு இதுதான்டா, வேற தண்ணி ஒத்துக்காது" என்பேன். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை நீ.

நீ எடுத்ததை எடுத்த இடத்திலேயே விட்டாயா இல்லையா? அதை மட்டும் எழுது. இல்லை என்றால் கடிதமே வேண்டாம்.

நெல் அறுப்பு முடிந்தது. வரப்பில் ஏதோ குத்திக் குதிகாலில் சின்னப் புண். பக்கத்து நிலத்து மேரி மருந்து வைத்துக் கட்டிவிட்டாள். சர்க்கரை உடம்பு இல்லையா, ஆறச் சுணங்குகிறது.

உன் அக்கா
மதனவதி


சோரா
14 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

விட்டேன், விட்டேன், விட்டேன்! போதுமா? எடுத்ததையெல்லாம் அதே சுவரில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன். அவிப்பது அவற்றை வளர்த்த காலித் தட்டுகளைத்தான். அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டேன். இதற்காகக் கடிதமே வேண்டாம் என்றால் நான் எங்கே போவேன்? இந்த மழைக்காட்டில் எனக்கென்று வருகிற ஒரே எழுத்து உன்னுடையதுதான்.

நீ பார்த்தால் உனக்கு அவற்றை ரொம்பப் பிடிக்கும். வெளிச்சம் கேட்பதில்லை. எதையும் துரத்திப் பிடித்துத் தின்பதில்லை. கல்லிலும் சொட்டுகிற தண்ணீரிலும் கிடைப்பதை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகின்றன. தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பு சேரச் சேர, கடைசியில் சில அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. நம் மலைக்குகைகளில் தவமிருந்த முனிவர்கள் மாதிரி என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்க மாட்டாய். ஓரறிவு உயிர் என்று நீ சொல்வாயே, அதுதான் இது. நீ சொன்னதெல்லாம் சரி, அக்கா.

கோபம் போயிற்றா? புண்ணை டாக்டரிடம் காட்டு.

உன் தம்பி
மனோஜ்


திருப்பருத்திக்குன்றம்
8 மார்ச் 2024

என் ராஜாவுக்கு,

உன் கடிதத்தைக் கோயிலுக்கே எடுத்துக்கொண்டு போனேன். சந்திரப்பிரபு மாமாவிடம் காட்டினேன், பூ கட்டுகிறவளிடம் காட்டினேன். 'என் தம்பி குகைக்குள்ளே தவழ்ந்து போய் ஒவ்வொரு உயிரையும் அது இருந்த இடத்திலேயே விடுகிறான்' என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. நான் வளர்த்தது வீண் போகவில்லை.

புண் விஷயம். மேரி ஸ்கூட்டரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நுண்ணுயிர் உள்ளே புகுந்துவிட்டதாம், படுக்கையில் சேர்ந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமாம். டாக்டர் சீட்டில் எழுதிக் காட்டினார். பார்த்தால் உன் வார்த்தை! 'ஊசி போட்டால் அவை என்ன ஆகும்?' என்று கேட்டேன். 'செத்துவிடும்' என்று எழுதினார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

முன்பெல்லாம் மாத்திரை கொடுத்தால் விழுங்கிவிட்டு வேலையைப் பார்ப்பேன். யார் சாகிறார்கள் என்று யோசித்ததே இல்லை. இப்போது நீ அவற்றின் முகத்தைக் காட்டிவிட்டாயே. நீ அத்தனை கஷ்டப்பட்டுத் திருப்பி விடும்போது, நான் ஒரு காலுக்காக அத்தனையையும் கொல்வதா? மருந்து சாப்பிடுவதில் தோஷமில்லை, நாமென்ன துறவியா என்று மாமா திட்டுகிறார். மேரியோ, "இன்னாத்துக்குக்கா இப்டி அடம் புடிச்சிக்கினு கீற? காலு கறுத்துக்கினு வருது, கண்ணு தெரியலயா ஒனக்கு?" என்று என் முகத்துக்கு நேரே வந்து கத்துகிறாள். காது கேட்காவிட்டாலும் அவள் வாயைப் பார்த்தே தெரிகிறது.

ஜுரம் கொஞ்சம் அடிக்கிறது. கழுவிக் கட்டிக்கொள்கிறேன். நீ கவலைப்படாதே.

உன் அக்கா
மதனவதி


சோரா
17 மார்ச் 2024

அக்கா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்றுகொண்டு இதை எழுதி, மேரியின் போனுக்கு அனுப்புகிறேன். மேரிக்கா, தயவுசெய்து இதைப் பெரிய எழுத்தில் எழுதி உடனே அவள் கையில் கொடுங்கள்.

நான் பொய் சொன்னேன். ஒன்றைக்கூடத் திருப்பி விடவில்லை. விடவும் கூடாது, வெளியில் வளர்த்ததைக் கொண்டுபோய் விட்டால் குகை கெட்டுவிடும். எல்லாவற்றையும் அவித்துத்தான் கொட்டினேன். நீ எழுதாமல் இருந்துவிடுவாயோ என்று பயந்து அப்படி எழுதினேன். அது இப்படி வந்து முடியும் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

குகையில் இருப்பது வேறு, உன் காலில் இருப்பது வேறு. உன் காலில் இருப்பது கல் கட்டாது, உன்னைத் தின்றுவிடும். என்னைப் பார்த்துத்தானே வேண்டாம் என்றாய்? நான் அப்படிப்பட்டவன் இல்லை, அக்கா. ஊசி போட்டுக்கொள். பாவம் என்று ஒன்று இருந்தால் அது முழுக்க என் தலையில் வரட்டும். உன் காலில் விழுந்து கேட்கிறேன். எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

மழையில் சாலை சரிந்து கிடக்கிறது. திறந்ததும் புறப்படுவேன். மேரிக்கா, அவள் கேட்காவிட்டால் தூக்கிக்கொண்டாவது போங்கள்.

மனோஜ்


திருப்பருத்திக்குன்றம்
21 ஏப்ரல் 2024

மனோஜுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். நீ இங்கே இருந்தபோது பேசாததை எழுதுகிறேன்.

மேரி எழுதிக் கொடுத்ததைப் படித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நானே சொன்னேன். அவள் தூக்க வேண்டியிருக்கவில்லை. பாவமில்லை என்று தெளிந்து போகவில்லை. யாரைப் பார்த்து அடம் பிடித்தேனோ அந்த ஆளே இல்லை என்றான பிறகு எதற்கு அடம்? ஊசி போட்டார்கள். உயிர் தங்கியது, முழங்காலுக்குக் கீழே கால் தங்கவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காலையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் மேரியிடம் சொன்னாராம். வராதது நான்தான். அதற்கு நீ அழ வேண்டாம்.

நீ கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னாய். நான் உன் வாயைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். காது கேளாதவளுக்கு அது ஒரு சௌகரியம்.

கால் போனதில் எனக்குக் கோபமில்லை. நீ அவித்ததிலும் இல்லை, அது உன் வேலை. முதல் கடிதத்தில் ஒளிக்காமல்தானே எழுதினாய். ஆனால் 'விட்டேன்' என்று எழுதினாயே, ஜுரத்தில் கிடந்தபோது அந்த வார்த்தைதான் எனக்குத் துணை. கால் தெறிக்கும்போதெல்லாம், என் பிள்ளை குகைக்குள் முட்டி தேயத் தவழ்ந்து போகிறான், ஒவ்வொன்றையும் அதனதன் வீட்டில் விடுகிறான் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவனை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அப்படி ஒருவன் இல்லவே இல்லை என்று நீயே எழுதிவிட்டாய். அவனை நான் எங்கே போய்த் தேடுவேன், சொல்லு?

நிலத்தை மேரி பார்த்துக்கொள்கிறாள். கட்டைக்கால் வைத்து நடக்கப் பழகலாம் என்கிறார்கள், பார்க்கலாம். நீ வேளைக்குச் சாப்பிடு.

ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. அந்தச் சின்னச் சின்ன உயிர்கள் இருட்டில் இருந்துகொண்டு கல் கட்டுகின்றன என்று எழுதினாயே, அதுவாவது நிஜமா?

பதில் போடாதே. நீ எழுதினால் நான் நம்பிவிடுவேன்.

மதனவதி