ஒட்டிக்கொள்ளும் மேசை

நம் வீட்டுத் தச்சருக்கு,

நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பு மேலேயே இருக்கிறது. தட்டை மேசையில் வைத்துவிடாதீர்கள். அப்புறம் அது அங்கேயே குடித்தனம் நடத்தும்.

நீங்கள் மேசைக்கு எண்ணெய் பூசி இன்றோடு பதினோரு நாள். ஆளிவிதை எண்ணெய் விற்ற கடைக்காரர், "மெலிசா தடவி, கால் மணி நேரத்துல துடைச்சிடுங்க" என்றார். நீங்களோ, "அவருக்கு என்ன தெரியும்?" என்று மேசையைக் குளிப்பாட்டினீர்கள். காயவில்லை என்றதும் நேற்று இன்னொரு முறையும் குளிப்பாட்டினீர்கள். இப்போது செய்தித்தாள் ஒட்டிக்கொண்டு, தலைப்புச் செய்தியை மேசையிலேயே படிக்க முடிகிறது.

நேற்று நீங்கள் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்ட எண்ணெய்த் துணியைக் காலையில் எடுத்தேன். கையைச் சுட்டது! சுருட்டி வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும் என்று எண்ணெய் டப்பாவிலேயே போட்டிருக்கிறது. மேசை காய்வதற்குள் வீடு எரிந்திருக்கும். துணியைத் தண்ணீரில் நனைத்து வெளியே கொடியில் விரித்திருக்கிறேன். தொடாதீர்கள்.

மதியம் உங்கள் அக்கா வருகிறார். மேசையில் கை ஊன்ற விடாதீர்கள். ஒட்டிக்கொண்டால் ஒரு மாதம் இங்கேதான்.

பி.கு: "உங்களுக்கு எதையுமே உருப்படியா முடிக்கத் தெரியாது" என்று நேற்று நான் கத்தியிருக்க வேண்டாம். காலையில் எண்ணெயைக் கரைக்கும் டர்பன்டைன் தொட்டு ஒரு மூலையைத் துடைத்துப் பார்த்தேன். மரத்தின் ரேகை அவ்வளவு அழகாகத் தெரிகிறது. மிச்சத்தை அக்கா வருவதற்குள் துடைத்துவிடுங்கள்.

இன்னொன்று: அந்த மூலையையும் நீங்களே துடைத்ததாக அக்காவிடம் சொல்லிக்கொள்ளுங்கள். நான் காட்டிக்கொடுக்க மாட்டேன்.