ஆமைக்களம்

நிலவுச் சோதனைக்கூடம், பதிவேடு
எழுதுபவர்: வடிவாம்பாள், களப் பொறியாளர்

நாள் 58, 09:10

காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. காப்பித்தூள் இன்னும் பத்து நாளைக்குத் தாங்கும்.

இதை யார் படிப்பார்கள் என்று தெரியாது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டே பேர். நான் பாளையங்கோட்டைக்காரி, வயது ஐம்பத்திரண்டு. எபனேசர் தூத்துக்குடிக்காரன், முப்பத்தொன்று, விளையாட்டுச் சோதனையாளன். பூதங்களைப் பிடித்து வளர்த்து மோதவிடும் வீடியோ கேம் ஒன்று. அதைத் திரையில் ஆடியது போதாதாம். பூதங்கள் நிஜமாகவே நின்று மோதும் கூடம் வேண்டுமாம் கம்பெனிக்கு. பூமியில் அனுமதி கிடைக்கவில்லை. நிலவில் கேட்க ஆள் இல்லை.

இப்போது சோதிப்பது ‘ஆமைக்களம்’ என்ற வித்தை. அதைப் போட்டால் எந்தப் பூதத்துக்கும் அடி விழாது, களம்தான் மாறும். ஐந்து சுற்றுகளுக்கு மெதுவானது முதலில் அடிக்கும், வேகமானது கடைசியில். சுற்றுக்கு ஒருவருக்கு ஒரே ஒரு செயல். போட்டவனே அதைக் கலைக்க முடியாது. களத்துக்குள் நிற்கும் எதிராளி அதே வித்தையை மறுபடி போட்டால்தான் கலையும்.

கூடத்திலிருந்து எபனேசர் ஒலிபெருக்கியில்: “யக்கா, இது ஒங்களுக்குன்னே செஞ்ச களம்லா. ஒரு டம்ளர் காப்பிய அரை மணி நேரம் வச்சுக் குடிக்கீங்க.”

குடிப்பேன். எனக்கு வாய் பொசுங்க வேண்டிய அவசியமில்லை.

நாள் 59, 15:40

முதல் சோதனை வெற்றி. கல்லாமை என்ற கிழட்டுப் பூதம் முதலில் அடித்தது. மின்னலாகப் பாயும் கீரிப்பூதம் தன் முறைக்காகக் காலைத் தூக்கியபடி அப்படியே நின்றது. களத்துக்குள் ஒரு சுற்று முடிய, வெளியே பதினொரு நிமிடம் ஆனது.

எபனேசர் வெளியே வந்தபோது விரல் நகமெல்லாம் அரை அங்குலத்துக்கு மேல் நீண்டிருந்தது. முந்தாநாள்தான் வெட்டினேன் என்று சாதிக்கிறான். பொய். குளிக்கவே நான் ஞாபகப்படுத்த வேண்டிய பயல். நகவெட்டியை அவன் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

நாள் 60, 11:25

கூடத்தின் வடக்குச் சுவரில் கசிவு. ஊசிமுனை அளவுதான். இந்த வேகத்தில் கூடம் காலியாக எட்டு மாதம் ஆகும். அவசரமில்லை, அடுத்த வாரம் அடைத்துக்கொள்ளலாம்.

பூமியிலிருந்து மருத்துவர் பேசினார். “அம்மா, கழுத்துல இருக்கிற கட்டி கெட்ட கட்டிதான், ஆனா ரொம்ப மெதுவா வளர்றது. பத்து வருஷத்துக்குக் கவலையே வேண்டாம். திரும்பி வந்ததும் எடுத்துடலாம்.”

என் உடம்பில் முளைத்தது என்னைப் போலத்தானே இருக்கும். நிம்மதியாகத் தூங்கினேன்.

நாள் 61, 10:00

இரண்டாம் சோதனை. எபனேசர் உள்ளே, சாதாரண உடையில். எதிராளி இயந்திரம், வெளியிலிருந்து. எபனேசர் ஆமைக்களம் போட்டுவிட்டான்.

10:11

முதல் சுற்று முடிந்தது. கூடத்தின் காற்று நூறிலிருந்து எண்பத்துமூன்றுக்கு இறங்கியிருக்கிறது. அளவி பழுதா? மாற்று அளவியும் அதையேதான் காட்டுகிறது.

10:14

எவ்வளவு பெரிய மடச்சி நான். நாற்பது நாள் கசிவு ஒரே சுற்றில் நடந்திருக்கிறது. களம் பூதங்களை மட்டும் பார்க்கவில்லை. உள்ளே இருக்கும் எதெல்லாம் மெதுவோ, அதெல்லாம் முந்திக்கொண்டு தன் வேலையைப் பார்க்கிறது. நகம். அவன் பொய் சொல்லவில்லை. பொய் என்று நான்தான் எழுதிவிட்டுப் போனேன்.

கூடத்துக்குக் காற்று பம்பை முழு வேகத்தில் விட்டேன். பம்பு வேகமானது. அதன் முறை கடைசியில்தான் வரும், வந்தாலும் ஒரே ஒரு மூச்சு.

10:22

இரண்டாம் சுற்று. அறுபத்தாறு. மின்சாரத்தை அணைத்துப் பார்த்தேன். களம் கலையவில்லை. தன் ஐந்து சுற்றை எண்ணிக்கொண்டு நிற்கிறது.

எபனேசரின் குரல் சுற்றின் கடைசியில் வந்தது: “யக்கா... காது அடைக்கி. கதவுக்கு ஓடுதேன், ஒரு எட்டுக்கு மேல கால் நகர மாட்டேங்கு. என்னமாவது செய்யுங்கக்கா!”

கதவுக்குப் பதினைந்து எட்டு. மிச்சம் மூன்று சுற்று, அவனுக்கு மூன்றே எட்டு. ஐந்தாம் சுற்றில் கூடத்தில் மூச்சுவிடும் அளவுக்குக் காற்று இருக்காது. அவன் சாகக் கூடாது. அந்தக் கசிவை அவசரமில்லை என்று எழுதிய கை என் கை.

10:25

வழி ஒன்றுதான். எதிராளியாக நான் உள்ளே போய் ஆமைக்களத்தை மறுபடி போட வேண்டும். நுழைய ஒரு சுற்று, கையோடு கொண்டுபோகும் எதிராளிக் கருவியின் பொத்தானை அழுத்த ஒரு சுற்று. அவன் நடந்தால் பதினைந்து சுற்று ஆகும் வேலையை நான் இரண்டில் முடிக்கலாம். விண்வெளி உடை போட்டுக்கொள்கிறேன், கசிவு என்னை ஒன்றும் செய்யாது.

கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

நகத்துக்கும் கசிவுக்கும் சுற்றுக்கு நாற்பது நாள். அவற்றைவிட எத்தனையோ மடங்கு மெதுவானதற்கு எத்தனை நாள்? மெதுவாக இருக்க இருக்க இன்னும் முன்னால். கணக்குப் போடக் கை வரவில்லை. பயமாக இருக்கிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது, ரொம்பப் பயமாக இருக்கிறது.

படிப்பவருக்கு: இந்தக் களத்தை எந்த ஊரிலும், பிள்ளைகள் இருக்கும் எந்த இடத்திலும் போடாதீர்கள். ஒவ்வொரு உடம்புக்குள்ளும் மெதுவாக ஏதோ ஒன்று இருக்கிறது.

போகிறேன். ஓடக் கூடாது. காப்பி குடிக்கிற வேகத்தில்.

10:33, குரல் பதிவு

மூன்றாம் சுற்று. உள்ளே வந்துவிட்டேன். காற்று ஐம்பது. எபனேசர் எனக்கு நேர் எதிரே, ஒரு காலைத் தூக்கியபடி, வாயைத் திறந்தபடி. ஏல, பயப்படாத. வந்துட்டேன்.

கழுத்துப்பட்டி இறுக்குகிறது. காலையில் சரியாகத்தான் இருந்தது.

10:44, குரல் பதிவு

நான்கு. முப்பத்து... மூன்று. கட்டி முதலில். பிறகு கசிவு. இப்போது என் முறை. விழுங்க முடிய... ஏல எபனேசரு, கலைஞ்சதும்... கதவு... திரும்பிப் பாக்காம ஓடு. இந்தா நான் அமுக்குதே

நாள் 61, 16:20

எழுதுவது எபனேசர். எனக்கு அக்கா மாதிரி எழுத வராது.

களம் கலைந்தது. பம்பு காற்றைக் கொட்டியது. நான் கதவுக்கு வெளியே ஓடவில்லை. அக்கா பக்கம் ஓடினேன். நாலே தாவல்தான். தலைக்கவசத்தைக் கழற்றினேன். கழுத்து கழுத்தாகவே இல்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். திட்டுவதற்கு வாயைத் திறந்தார்கள், குரல் வரவில்லை. 10:52-க்கு மூச்சு நின்றது.

பூமிக்குச் சொன்னேன். பதில் வந்தது: “வருந்துகிறோம். ஐந்து சுற்றுகளும் முடிந்தனவா, நான்கிலேயே கலைக்கப்பட்டதா? அடுத்த மாதக் காட்சிக்குத் தகவல் தேவை.”

அக்கா எழுதிய பதிவேட்டை மொத்தமாக எல்லா அலைவரிசையிலும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். யாராவது கேளுங்கள்.

கையுறையைக் கழற்றியபோது அவர்கள் விரல் நகமெல்லாம் நீண்டிருந்தது. என் தட்டில் வைத்திருந்த நகவெட்டியை எடுத்து வந்து, ஒவ்வொரு விரலாக, மெதுவாக வெட்டிவிட்டேன்.